வீட்டில் சேர்ந்து

முனைவர் பட்டத்துக்குப் புள்ளியியல் தெரிய வேண்டும் என்று யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் சஃப்ரீன் அந்தத் திசையில் தலைவைத்தும் படுத்திருக்க மாட்டாள். பத்தாம் வகுப்புக் கணக்கில் தட்டுத்தடுமாறிக் கரையேறியவள் அவள். சமூகவியல் என்றால் நாலு சந்து சுற்ற வேண்டும், நாலு பேரிடம் வாய்கொடுக்க வேண்டும், கேட்டதை ஒழுங்காக எழுத வேண்டும், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு செம்பூர்ப் பக்கம் இருந்த அந்தக் கல்வி நிறுவனத்தில் சேர்ந்தாள். அந்த மூன்றும் தாராவியில் பிறந்த பெண்ணுக்குத் தானாக வரும். இரண்டாம் வருஷம் அவளுடைய வழிகாட்டி ஜோக்ளேகர் மேடம், "நாலு பேர் கதையை எழுதினால் இப்போதெல்லாம் மதிக்க மாட்டார்கள். முந்நூறு பேரையாவது கேட்டு எண்ணிக்கையில் காட்டு" என்று ஆங்கிலத்தில் சொன்னார். இவளும் பெரிய சூரப்புலியாட்டம் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டாள். ஆழம் தெரியாமல் காலை விட்டாயிற்று. அதற்கப்புறம் நாலு வருஷம் ஓடிவிட்டது.

அந்த நாலு வருஷத்தில் அவள் கற்றுக்கொண்டதையெல்லாம் வீட்டு வேலைக்கு நடுவில்தான் கற்றுக்கொண்டாள். சோறு வேகிற நேரத்தில் சராசரி. செம்பூர் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தால் திட்ட விலக்கம். யூட்யூபில் ஒரு இந்தி வாத்தியார் கையில் மார்க்கரை வைத்துக்கொண்டு, புரிந்ததா பிள்ளைகளே, புரிந்ததா என்று கேட்டுக்கொண்டே போவார். புரியவில்லை என்று இவள் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் தள்ளி மறுபடி பார்ப்பாள். ஒன்றுக்கும் ஒன்றுக்கும் தொடர்பே இல்லை என்று முதலில் வைத்துக்கொள், பிறகு அப்படி இல்லை என்பதைத் தரவை வைத்து நிரூபி என்று அவர் சொன்ன பாடம் மட்டும் உடனே பிடிபட்டது. அது அவள் மாமியாரின் முறைதான். மருமகள் ஒரு வேலையும் செய்யவில்லை என்று வைத்துக்கொண்டுதான் அந்த அம்மாள் ஒவ்வொரு நாளையும் தொடங்குவார்.

பிடிபடாததற்குப் பானுமதி இருந்தாள். மாட்டுங்காக்காரி. இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் காலையிலிருந்து மாலை வரை எண்களோடு மல்லுக்கட்டுகிற வேலை. நிறுவனத்தில் நடந்த ஒரு பயிற்சி வகுப்புக்கு உதவியாளராக வந்தபோது, கடைசி பெஞ்சில் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தவள் தமிழ்க்காரி என்று தெரிந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அன்று ஒட்டிக்கொண்ட சிநேகம். மாசத்தில் இரண்டு ஞாயிறு சஃப்ரீன் மாட்டுங்காவுக்குப் போய்விடுவாள். பானுமதி கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அப்பா அம்மாவோடு இருந்தாள். அவர்கள் கோயிலுக்குப் போன பிறகு அந்த ஹாலில் இரண்டு பேரும் ஒரு லேப்டாப்பும் மட்டும்.

சஃப்ரீனின் ஆராய்ச்சியை ஒரு வரியில் சொல்லிவிடலாம். தாராவியின் தமிழ்ச் சந்துகளில் வீட்டில் உட்கார்ந்தபடியே பை தைத்து, நூல் பிசிறு வெட்டி, பொட்டலம் கட்டிச் சம்பாதிக்கிற பெண்களுக்கு, சம்பாதிக்காத பெண்களைவிடக் குடும்பத்தில் சொல் செல்லுகிறதா? அதைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வி வைத்திருந்தாள். பிள்ளைகள் படிப்பு, பெரிய செலவு, ஊருக்குப் போவது, இதையெல்லாம் உங்கள் வீட்டில் யார் முடிவு செய்வது? பதிலுக்கு நாலு கட்டம். நான், கணவர், வீட்டில் சேர்ந்து, மற்றவர். ஆங்கிலத்தில் இருந்ததை அவளே உட்கார்ந்து தமிழாக்கினாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பாதிப் பேரை அவளே போய்க் கேட்டாள். மீதிப் பேரைக் கேட்டது அஃப்ஷா, அவளுடைய சித்தி மகள். அஃப்ஷா மராத்தி பள்ளிக்கூடத்தில் படித்தவள், தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஆனால் எந்த வீட்டு வாசலிலும் போய் உட்கார்ந்துவிடுவாள். கையில் டேப்லெட், அதில் நாலு கட்டம், பதில் வந்ததும் ஒரு தட்டு. முந்நூற்றுச் சொச்சம் பேரைக் கேட்டு முடிப்பதற்குள் இரண்டு மழைக்காலம் போயிற்று.

முடிவு வந்தபோது அவளுக்கே நம்ப முடியவில்லை. சம்பாதிக்கிற பெண்களில் முக்கால்வாசிப் பேர் 'வீட்டில் சேர்ந்து' என்ற மூன்றாம் கட்டத்தில் இருந்தார்கள். சம்பாதிக்காதவர்களில் கால்வாசிகூட இல்லை. இது தற்செயலாக இருக்குமோ என்று கம்ப்யூட்டரிடம் கேட்டால், அதற்கு வாய்ப்பே இல்லை என்று எண்ணுக்குப் பக்கத்தில் மூன்று நட்சத்திரம் போட்டுக் காட்டியது. நட்சத்திரம் எத்தனை கூடுகிறதோ அத்தனை உறுதி என்று அர்த்தம். ஜோக்ளேகர் மேடம் ஆறு வருஷத்தில் முதல் தடவையாக எழுந்து நின்று கைகொடுத்தார். வீட்டில் கணவன் யாசரிடம் சொன்னபோது அவன் அதைத் தான் வேலை பார்க்கும் தோல் பட்டறைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து டீக்கடைக்குக் கொண்டுபோய், "நம்ம ஆளுக பொம்பளைட்ட கலந்துதான் எதையும் செய்வானுக, கம்ப்யூட்டரே சொல்லிருச்சு" என்று சந்து பூராவும் பரப்பிவிட்டான். தாராவியைப் பற்றி யாரோ நல்லதாக நாலு வார்த்தை சொன்னால் தாராவிக்காரனுக்கு வருகிற சந்தோஷம் அது. அவனைக் குறை சொல்ல முடியாது.

அதே கையோடு செம்பூரில் ஒரு கல்லூரி வேலை தருவதாகச் சொன்னது. ஒரே ஒரு நிபந்தனை. மே மாசக் கடைசிக்குள் ஆய்வேட்டைச் சமர்ப்பித்திருக்க வேண்டும். ஜூனில் வகுப்பு. யாசர் அன்றைக்கே மாஹிமில் ஒரு வீடு பார்த்துவிட்டான். அறையும் சமையற்கட்டுமாகச் சின்ன வீடுதான். ஆனால் கக்கூஸ் உள்ளேயே இருந்தது. பிறந்ததிலிருந்து சந்துக்கோடியில் போய் வரிசையில் நின்றவளுக்கு அது என்ன என்று மற்றவர்களுக்குச் சொல்லிப் புரியாது. வீட்டைப் பார்க்கப் போனபோது சஃப்ரீன் அந்தக் கதவைத் திறந்து ஒரு நிமிஷம் சும்மா பார்த்துவிட்டு மூடினாள். மகள் சபா நான்காவது போகப் போகிறாள். வளர்கிற பெண். ஜூன் என்று யாசர் புரோக்கரிடம் வாக்குக் கொடுத்துவிட்டான்.

இனி அட்டவணைகளை ஒழுங்குபடுத்தி அச்சுக்குக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. ஏப்ரல் மாசத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாட்டுங்காவில் மின்விசிறி வெக்கைக் காற்றை வீசிக்கொண்டிருந்தது. சஃப்ரீனுக்குக் கண் எரிந்தது. இப்போதெல்லாம் அவளுக்கு எப்போதும் கண் எரிந்தது.

"அடுத்த ஞாயிறு காலம்பறவே வந்துடு" என்றாள் பானுமதி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நாள் பூரா உக்காந்தா நாலாவது அத்தியாயத்தை மூட்டை கட்டிடலாம்."

"வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன் பானு."

"யாரை, மாமியாரையா?"

"மாமி ஒண்ணும் சொல்லமாட்டாக. அவுகட்டதான் கேக்கணும்."

பானுமதி 'ம்' என்றுவிட்டு ஒரு கோட்டை நேராக்கினாள். சஃப்ரீன் மோர் டம்ளரைக் கையில் எடுத்தவள் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். திரையில் மூன்றாம் கட்டத்தின் பெயர் தெரிந்தது. வீட்டில் சேர்ந்து. அதற்கு நேரே மூன்று நட்சத்திரம்.

"பானு, நான் இப்ப என்ன சொன்னேன்?"

"என்ன சொன்னே? வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்னே."

"வீட்லன்னா யாரு?"

பானுமதி திரும்பிப் பார்த்தாள். "இது என்ன கேள்வி? உங்காத்துக்காரர். எங்கம்மாகூட அப்படித்தான். ஆத்துல கேக்கணும், ஆத்துல சொல்லலைன்னுவா. அப்பா பேரை அவ வாயால சொல்லி நான் கேட்டதே..." என்று சொல்லிக்கொண்டே வந்தவளும் நிறுத்திக்கொண்டாள். மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

எத்தனை வாசலில் அந்த வார்த்தை சஃப்ரீன் காதில் விழுந்திருக்கிறது. யார் முடிவு பண்ணுவாக என்று கேட்டால், நூல் வெட்டுகிற கத்தரியை நிறுத்தாமல், "வீட்லதான்" என்பார்கள். இவள் மூன்றாம் கட்டத்தைத் தட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவாள். அஃப்ஷாவைச் சொல்லிக் குற்றமில்லை. அவள் கட்டத்தின் முதல் எழுத்தைக் கூட்டிப் பார்த்து, வீட்ல என்று காதில் விழுந்ததும் வீட்டில் என்று எழுதியிருந்ததைத் தட்டினாள். ஆனால் சஃப்ரீன் யார்? உம்மா வாயிலும் மாமி வாயிலும் அந்த வார்த்தையைக் கேட்டே வளர்ந்தவள். தினமும் பத்துத் தடவை தானே சொல்கிறவள். கேள்வித்தாளைக் கையில் எடுத்ததும் அவளுக்குத் தன் தமிழே மறந்து போயிற்று என்றுதான் சொல்ல வேண்டும். இன்னொன்றும் உண்டு, அதையும் மறைப்பானேன். அந்தப் பதில் அவளுக்குப் பிடித்திருந்தது. பிடித்த பதில் வரும்போது யாரும் மறுபடி கேட்பதில்லை.

"இரு, பதறாதே" என்றாள் பானுமதி. "எல்லாரும் அப்படிச் சொல்லியிருந்தா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கூடியிருக்கணுமே. சம்பாதிக்கறவா பக்கம் மட்டும் ஏன் கூடறது?"

சஃப்ரீனுக்கு அதற்கு விடை தெரிந்திருந்தது. சொல்லத்தான் மனமில்லை. "சம்பாதிக்கிறவங்கள்ல பாதிக்கு மேல ஊர்ல இருந்து கல்யாணமாகி வந்தவங்க. திருநெல்வேலி, தென்காசி. புருஷன் பேரச் சொல்லமாட்டாங்க, ஹஸ்பண்டுன்னும் வாய்ல வராது. சம்பாதிக்காத பிள்ளைங்க இங்கயே பொறந்ததுங்க. ஹஸ்பண்டுன்னு பட்டுனு சொல்லிரும்."

பிறந்த ஊர் கேள்வித்தாளில் இருந்தது. அதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. பானுமதி அதையும் சேர்த்துக் கம்ப்யூட்டரில் ஓட்டினாள். இரண்டு நொடிதான். சம்பாத்தியத்துக்குப் பக்கத்தில் இருந்த மூன்று நட்சத்திரமும் போய்விட்டது. ஒன்றுகூட மிச்சமில்லை. பிறந்த ஊருக்குப் பக்கத்தில் மூன்றும் போய் உட்கார்ந்திருந்தன. பெண்களுக்கு வீட்டில் எவ்வளவு சொல் செல்லும் என்று இத்தனை வருஷம் அளந்தோம் என்று நினைத்தது பொய். புருஷனை எந்தச் சொல்லால் சொல்வார்கள் என்பதைத்தான் அளந்திருந்தாள்.

"நானும் முன்னாடியே இதைச் சேர்த்துப் பார்த்திருக்கணும்" என்றாள் பானுமதி. "தப்பு என் பேர்லயும் இருக்கு." பிறகு கொஞ்சம் யோசித்து, "மூணாங்கட்டத்துல இருக்கறவாளை எல்லாம் ரெண்டாங்கட்டத்துக்கு, அதான் கணவருக்கு, மாத்திடலாமா? ஒரு நிமிஷ வேலை" என்றாள்.

"தெரியல பானு. கேட்டுட்டு வர்றேன்."

மறுநாள் அவள் கேட்கப் போனாள். முதலில் சண்முகவடிவிடம். சண்முகவடிவு பாவூர்சத்திரத்துக்காரி, கைப்பை வார்களில் பிசிறு வெட்டுகிறவள். வாசல்படியில் வார்களைக் குவித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வா தாயி. இன்னும் உன் பரீட்ச முடியலையா?"

"முடியலக்கா. அன்னைக்கு ஒண்ணு கேட்டேன்ல, பிள்ள படிப்பு, ஊருக்குப் போறதெல்லாம் யாரு முடிவு பண்ணுவாகன்னு. வீட்லன்னு சொன்னிய. அது யாருக்கா?"

சண்முகவடிவு கத்தரியைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "வேற யாரு, அவியதான். நீயும் கல்யாணம் கெட்டுனவதான, இதக்கூடவா கேக்குத?"

"ரெண்டு பேரும் பேசி முடிவு பண்றது இல்லையா?"

"பேசுவோம். அவிய பேசுவாவ, நான் கேட்டுக்கிடுவேன்."

சரி, பானுமதி சொன்னதுதான், ஒரு நிமிஷ வேலை என்று நினைத்துக்கொண்டு சஃப்ரீன் அடுத்த சந்துக்குப் போனாள். அங்கே சாயிரா லாத்தா, சஃப்ரீன் அக்கா முறை வைத்துக் கூப்பிடுகிறவர். அவருடைய புருஷன் அம்பர்நாத்தில் ஒரு பேக்டரியில் வேலை பார்த்துக்கொண்டு அங்கேயே தங்கி, விடுமுறைக்கு மட்டும் வருகிறவர். லாத்தாவும் அன்றைக்கு வீட்லதான் என்று சொன்னவர்.

"வீட்லன்னா மச்சானா லாத்தா?"

"அவுகளா?" சாயிரா லாத்தா கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவுகளுக்கு எம்புள்ள எத்தனாவது படிக்கிதுன்னே தெரியாது. எல்லாம் நான்தான். ஆனா வந்து கேக்குறவுகட்ட நான்தான்னு சொன்னா நல்லாவா இருக்கும்? பொம்பள ராஜ்யம்னு பேசமாட்டாகளா? அதான் வீட்லன்னேன். நீ அதை எழுதிறாத."

அதற்கப்புறம் போன வீட்டில் வீட்ல என்றால் மாமியார். அதற்கடுத்த வீட்டில் ஒரு இளம் தம்பதி, இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே நிஜமாகவே வீட்டில் சேர்ந்துதான். அந்தப் பெண் அதைச் சொன்னபோது புருஷன் ஆமாம் என்று தலையாட்டினான், பிறகு அவள் அவனைப் பார்த்துச் சிரித்தாள். சஃப்ரீனுக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

இப்போது ஒரு நிமிஷ வேலை இல்லை என்பது தெளிவாகிவிட்டது. ஒரே வார்த்தைக்குப் பின்னால் புருஷனும் இருந்தான், மாமியாரும் இருந்தாள், பேர் சொல்லாமல் ஒளிந்துகொண்டு அந்தப் பெண்ணே இருந்தாள். யார் எங்கே இருக்கிறார்கள் என்று கம்ப்யூட்டரால் சொல்ல முடியாது. மூன்றாம் கட்டத்தில் இருக்கிற அத்தனை பேர் வாசலுக்கும் திரும்பப் போக வேண்டும். அதுவும் மாமியாரும் புருஷனும் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துப் போக வேண்டும். மழைக்காலம் முடிகிறவரை ஆகும். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிட்டது.

வெள்ளிக்கிழமை ஜோக்ளேகர் மேடத்தின் அறையில் எல்லாவற்றையும் சொன்னாள். வீட்ல என்பதை ஆங்கிலத்தில் விளக்குவதற்குள் நாக்கு வறண்டுவிட்டது. மேடம் பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனுஷி இல்லை அவர். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு மூக்கைத் தேய்த்துக்கொண்டார்.

"சஃப்ரீன், குறையில்லாத ஆய்வேடு என்று ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை. 'மொழிபெயர்ப்பின் எல்லைகள்' என்று ஒரு பத்தி எழுதிச் சேர்த்துவிடு. நேர்மைக்கு அது போதும். தேர்வாளர்கள் இரண்டு பேருக்கும் தமிழ் தெரியாது. வேலையை வாங்கு. பிறகு நிதானமாக இதைத் திருத்தி ஒரு கட்டுரையாக எழுது."

"திருத்தினால் அந்த முடிவே இருக்காது மேடம்."

"எனக்கும் புரிகிறது. நீ களைத்துப் போயிருக்கிறாய். நானும்தான்." மேடம் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு விண்ணப்பத்தாளை எடுத்து வைத்தார். "இன்னும் ஆறு மாசம் அவகாசம் கேட்கலாம். இதுதான் கடைசி, இதற்கு மேல் கிடையாது. அந்தக் கல்லூரி உனக்காகக் காத்திருக்காது. வீட்டில் கலந்து பேசிவிட்டுத் திங்கட்கிழமை சொல்."

கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்ற வாக்கியம் சஃப்ரீனின் நாக்கு நுனி வரை வந்தது. ஆங்கிலத்தில்தான் வந்தது, ஆனால் அதே வாக்கியம்தான். வீட்டுக்குப் போய்க் கேட்டால் என்ன பதில் கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பதிலை மீறுகிற தெம்பு தன்னிடம் இல்லை என்பதும் தெரியும். ஒரு பத்தி எழுதிச் சேர்த்துவிடலாம். யாருக்கும் தெரியாது. பத்து வருஷம் கழித்து யாராவது அதைப் படித்துவிட்டு, தாராவியில் நூல் வெட்டுகிற பெண்ணுக்கு வீட்டில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, இன்னும் கொஞ்சம் நூல் கொடுங்கள் போதும் என்று எழுதுவார்கள். சண்முகவடிவு சரியாகத்தான் பதில் சொன்னாள். சாயிரா லாத்தாவும் தனக்குத் தெரிந்த தற்காப்போடு பதில் சொன்னார். தப்பாக எழுதிக்கொண்டது இவள். அவர்கள் சொல்லாத ஒன்றை அவர்கள் சொன்னதாக அட்டை போட்டுக் கட்டி நூலகத்தில் வைப்பதற்கு அவளுக்கு மனசு வரவில்லை. வீரமெல்லாம் ஒன்றும் இல்லை. வரவில்லை, அவ்வளவுதான்.

மேடத்தின் பேனாவையே வாங்கி அங்கேயே கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்து மரத்தடியில் நின்று கல்லூரிக்குப் போன் செய்தாள். அந்தப் பக்கம் இருந்தவர் மரியாதையாகப் பேசி, அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொள்கிறோம் என்று மரியாதையாகவே வைத்துவிட்டார். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. யூட்யூபைத் திறக்கவில்லை. கைக்கு எட்டியதைத் தானே தட்டிவிட்டவள் யாரிடம் போய் அழுவது? சயானில் இறங்கும் வரை ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தாள்.

யாசர் பட்டறையிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டிருந்தான். மாமி சபாவைக் கூட்டிக்கொண்டு பக்கத்துச் சந்தில் ஒரு பெயர்வைப்புக்குப் போயிருந்தார். தட்டில் சோற்றைப் போட்டு மீன் குழம்பை ஊற்றியதும் அவன் பேச ஆரம்பித்தான்.

"புரோக்கர் போன் பண்ணினான். பெயின்ட் அடிச்சுக் குடுக்குறானாம், என்ன கலர் வேணும்னு கேக்குறான். நான் சபாட்ட கேட்டேன், ஊதாவாம். உனக்கு ஓகேதான?"

"மச்சான், அந்த வேல இல்ல."

அவன் கை நின்றது. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மாட்டுங்காவில் தொடங்கி, சண்முகவடிவு, சாயிரா லாத்தா, மேடம், விண்ணப்பம், கல்லூரிக்குப் போன் செய்தது வரை. சாயிரா லாத்தா சொன்னதை மட்டும் பேரைச் சொல்லாமல் சொன்னாள். வீட்ல என்ற வார்த்தையை விளக்கிய இடத்தில் அவனுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த வாக்கியத்தில் அது போய்விட்டது. டீக்கடையில் சொன்னதெல்லாம் அவனுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"அப்ப நம்ம ஆளுக கலந்து பேசுறானுகன்னது?"

"தெரியாது. திரும்பக் கேட்டாத்தான் தெரியும்."

"மாஹிம்?"

"இப்ப முடியாது."

அவன் மறுபடி சோற்றைப் பிசைந்தான். வெளியே யாரோ தண்ணீர் டிரம்மை உருட்டிக்கொண்டு போனார்கள். இந்த ஆறு வருஷத்தில் அவன் ஒரு நாளும் எதற்குப் படிக்கிறாய் என்று கேட்டதில்லை. சபாவுக்குக் காய்ச்சல் வந்த நாளில் பட்டறைக்கு லீவு போட்டு இவளை அனுப்பிவைத்தவன். நல்லவனாக இல்லாமல் போயிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல" என்றான்.

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

அவன் கோபப்பட்டிருந்தால் அவளும் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பாள். அதிலாவது கொஞ்சம் களைப்பு தீர்ந்திருக்கும். அவன் கோபப்படவில்லை. வாஸ்தவமாகவே யோசித்தான். உன் இஷ்டம் என்று சொல்லியிருப்பேன் என்று ஒரு பொய் சொல்லிவிட்டால் இரண்டு பேரும் நிம்மதியாகப் படுக்கலாம், அது அவனுக்கும் தெரியும். அவள் கரண்டியைக் கையில் பிடித்தபடி காத்திருந்தாள்.

"வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்" என்றான் யாசர். "நீயும் சரின்னு கேட்டு நடந்திருப்பே."

"ஆமா" என்றாள் சஃப்ரீன்.

முந்நூறு பெண்களைக் கேட்டவள் ஒரு ஆண்பிள்ளையிடம்கூட யார் முடிவு செய்வது என்ற அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவன் மிச்சச் சோற்றைத் தின்று முடித்துத் தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டு, புரோக்கரின் நம்பரைப் போனில் தேடிக்கொண்டே வெளியே இறங்கிப் போனான்.